ஐந்து நிமிடத்தில் மறையும் பிளேயர்: ஒரு வைஃபை ஒத்திசைவுக் கோளாறின் ஆய்வு

நண்பர் ஒருவரிடம் ஆண்ட்ராய்டில் ஓடும் கையடக்க மியூசிக் பிளேயர் ஒன்று இருக்கிறது. பாட்டுகள் எல்லாம் விண்டோஸ் கணினியில் உள்ளன. பிளேயரோடு வந்த மென்பொருள் இரண்டையும் வைஃபை வழியாக ஒத்திசைக்கும். கணினி கேபிள் மூலம் ரவுட்டரோடு இணைந்திருக்கிறது, பிளேயர் வைஃபையில் இருக்கிறது. வெகுநாளாக இதில் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு இணைய இணைப்பின் வேகத்தை உயர்த்தினார், கூடவே ரவுட்டரும் மாறியது. அதிலிருந்து கணினி பிளேயரைக் கண்டுகொள்வதே இல்லை என்றார்.

அந்தப் புகார் முழுதாக இல்லை. விசாரிக்க விசாரிக்கத்தான் மீதி வெளியே வந்தது. பிளேயரைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோயிருக்கிறார். வைஃபை கடவுச்சொல்லை அழித்துவிட்டுப் புதிதாகக் கொடுத்திருக்கிறார். ரவுட்டரை அணைத்துப் போட்டிருக்கிறார். விசேஷம் என்னவென்றால், இவை எல்லாமே வேலை செய்தன! ஒவ்வொரு முறையும் பிளேயர் பட்டியலில் வந்தது, கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. வந்ததைத் தீர்வு என்றும் போனதைப் புதுக் கோளாறு என்றும் எடுத்துக்கொண்டு அவர் அடுத்த வைத்தியத்துக்கு நகர்ந்திருக்கிறார்.

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்ற அறிவுரையில் எனக்கு இருக்கும் மனத்தாங்கல் இதுதான். அது பல நேரம் பலிக்கும், ஆனால் பலிக்கும்போதே தடயத்தையும் அழித்துவிடும். மேலே சொன்ன மூன்று வைத்தியத்துக்கும் பொதுவானது ஒன்றுதான்: ஒவ்வொன்றும் பிளேயரை வைஃபையிலிருந்து வெளியேற்றி மறுபடி உள்ளே வரவைத்தது. அதனால் "எதைச் செய்தால் வருகிறது?" என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, "வந்தபின் எவ்வளவு நேரம் நிற்கிறது?" என்று கேட்டுக்கொண்டு தொடங்கினோம்.

கைக்கடிகாரம் வைத்துப் பார்த்ததில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. பிளேயரில் வைஃபையை அணைத்துப் போட்டால் சில வினாடிகளில் கணினியின் பட்டியலில் பெயர் வருகிறது. ஐந்து நிமிடம் தாண்டியதும் பெயர் சாம்பல் நிறமாகி, தொடர்பில் இல்லை என்று காட்டுகிறது. அப்படியே விட்டால் ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தச் சாம்பல் பெயர் பட்டியலிலேயே நிற்கிறது, பிறகு அதுவும் காணாமல் போகிறது. கணினியை ரீஸ்டார்ட் செய்தால் எந்தப் பலனும் இல்லை. பிளேயர் பக்கம் ஏதாவது செய்தால்தான் பெயர் திரும்புகிறது.

தற்செயலான கோளாறு இப்படி நேரம் தவறாமல் நடக்காது. எங்கோ ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பது இங்கேயே புரிந்துவிட்டது. யாருடைய கடிகாரம் என்பதுதான் மீதிக் கேள்வி.

இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்த்தது

வைஃபை ஒத்திசைவு என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. முதலில் கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க வேண்டும், அப்புறம்தான் பாட்டுகளை அனுப்புவது. கேபிள் செருகினால் முதல் வேலை தானாக நடந்துவிடும், அதனால் அப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தோன்றாது. வைஃபையில் பயனாளரிடம் ஐபி முகவரியைக் கேட்கக் கூடாது என்றால் யாராவது தேடித்தான் ஆக வேண்டும். 2007-இல் மைக்ரோசாஃப்ட் தன் ஜூன் (Zune) பிளேயருக்கு வயர்லெஸ் ஒத்திசைவு கொடுத்தபோதும், 2011-இல் ஐஓஎஸ் 5, ஐட்யூன்ஸ் 10.5 வழியாக ஐபாட் டச்சுக்கு அது வந்தபோதும் இந்தத் தேடல் திரைக்குப் பின்னால்தான் நடந்தது.

நண்பரின் மென்பொருளில் ஐபி முகவரியை நாமே தட்டச்சு செய்யும் வசதியும் இருந்தது. பெயர் சாம்பலாகிக் கிடந்த நேரத்தில் பிளேயரின் முகவரியைக் கையால் கொடுத்துப் பார்த்தோம். உடனே இணைந்தது. ஒரு பெரிய ஆல்பத்தை அனுப்பினோம், கடைசிப் பாட்டு வரை தடங்கல் இல்லாமல் போனது. பிங் செய்தாலும், அதாவது அந்த முகவரிக்கு ஒரு சிறு சோதனைச் செய்தி அனுப்பினாலும், பதில் வந்தது.

இந்த ஒரே சோதனையில் பாதிச் சந்தேகங்கள் விழுந்துவிட்டன. வைஃபையில் உள்ள கருவிகள் மற்றவற்றோடு பேச முடியாதபடி தடுக்கும் தனிமைப்படுத்தல் அமைப்பு பல ரவுட்டர்களில் உண்டு. விருந்தினர் நெட்வொர்க்கில் அது பெரும்பாலும் தொடக்கத்திலேயே இயங்கும். அது காரணமாக இருந்திருந்தால் பிங் போயிருக்காது. சிக்னல் பலவீனம், பிளேயரில் இடமின்மை, இணைப்பு அனுமதி ரத்தானது, இவை எதுவும் இல்லை. பாதை நன்றாகத்தான் இருக்கிறது, தேடல் மட்டுமே தோற்கிறது.

விலக்கிய சந்தேகங்கள்

முதலில் மின்சேமிப்பு. பிளேயரின் திரை அணைந்ததும் வைஃபை தூங்கிவிடுகிறதோ என்று பார்ப்பது இயல்பு. ஆண்ட்ராய்டு 6 முதல் டோஸ் என்ற நிலை இருக்கிறது. கருவி சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் கிடந்தால் பின்னணி வேலைகளை அது ஒத்திப்போடும். சார்ஜரில் போட்டு, திரையை எரியவிட்டு, ஒத்திசைவு ஆப்பை முன்னால் வைத்துக்கொண்டே பார்த்தோம். அதே ஐந்து நிமிடம்தான்.

அடுத்து விண்டோஸ் ஃபயர்வால். இதன் மேல் நண்பருக்கு நிறைய நம்பிக்கை இருந்தது, காரணமும் இருந்தது. புது ரவுட்டரை விண்டோஸ் புது நெட்வொர்க்காகவே பார்க்கும், பெரும்பாலும் அதைப் பொது நெட்வொர்க் என்று குறித்துக்கொள்ளும். பொது என்றால் கட்டுப்பாடு அதிகம். பழைய ரவுட்டரில் எல்லாம் ஓடி, புது ரவுட்டரில் ஒத்திசைவு நின்றுபோனவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்று நானும் சொல்வேன். ஆனால் அவர் அதை ஏற்கெனவே தனியார் நெட்வொர்க்காக மாற்றியிருந்தார், அன்றைக்கும் பிளேயர் தெரிந்திருக்கிறது. ஃபயர்வாலில் அந்த மென்பொருளுக்கான விதியைத் திறந்து பார்த்தால் பொது, தனியார் இரண்டு கட்டங்களிலும் குறி இருந்தது. போதாததற்கு, ஃபயர்வால் தடுப்பதாக இருந்தால் முதல் வினாடியிலிருந்தே தடுத்திருக்கும். ஐந்து நிமிடம் விட்டுப் பிடிக்க அதற்குக் காரணமில்லை.

விபிஎன் எதுவும் ஓடவில்லை. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் மாற்றி மாற்றிப் பார்த்தோம், வித்தியாசம் இல்லை. கணினியையும் கேபிளிலிருந்து கழற்றி வைஃபையில் இணைத்துப் பார்த்தோம், அப்போதும் நிலைமை தேறவில்லை.

தேடல் எப்படி நடக்கிறது

இனி கொஞ்சம் நுட்பமான பகுதி. இதைப் புரிந்துகொள்ளாமல் அந்த ஐந்து நிமிடத்தை விளக்க முடியாது.

இந்த வகைத் தேடலுக்குப் பரவலாகப் பயன்படுவது எம்டிஎன்எஸ் என்ற முறை. ஆப்பிள் இதற்குப் பான்ஜூர் என்று பெயர் வைத்தது, 2013-இல் ஆர்எஃப்சி 6762 என்ற இணையத் தரநிலை ஆவணமாக வெளியானது. கணினி 224.0.0.251 என்ற முகவரிக்கு, யுடிபி 5353 போர்ட்டில், "இந்தச் சேவையைத் தருவது யார்?" என்று ஒரு கேள்வியை அனுப்பும். அது எந்தத் தனிக் கருவியின் முகவரியும் அல்ல. மல்டிகாஸ்ட் முகவரி, அதாவது கேட்க விரும்பும் எல்லோருக்குமானது. பிளேயர் அதைக் கேட்டால் பதில் தரும். நெட்வொர்க்கில் நுழையும்போது யாரும் கேட்காமலே தன் வருகையை அறிவிக்கவும் செய்யும்.

பதிலில் வரும் ஒவ்வொரு தகவலுக்கும் ஆயுள் உண்டு. எந்த முகவரி, எந்த போர்ட் என்று சொல்லும் பதிவுகளுக்கு ஆர்எஃப்சி பரிந்துரைக்கும் ஆயுள் 120 வினாடி. "இப்படி ஒரு சேவை இருக்கிறது" என்று பெயரை மட்டும் சொல்லும் பதிவுக்கு 75 நிமிடம். ஆயுளில் 80 சதவீதம் கழிந்ததும் கணினி மறுபடி கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளும். பதில் வரவில்லை என்றால் இன்னும் சில முறை கேட்டுவிட்டுப் பதிவைக் கைவிடும்.

பெயர் சாம்பலாகி ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று, பிறகு மறைந்தது ஏன் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. முகவரிப் பதிவு இறந்துவிட்டது, பெயர்ப் பதிவு 75 நிமிடம் முடியும்வரை உயிரோடு இருந்தது. பெயர் தெரிகிறது, இணைக்க முடியவில்லை என்று யாராவது சொன்னால் இந்த இடைவெளியை நினைத்துக்கொள்ளலாம்.

ஆக, தொடக்கத்தில் கேள்விக்குப் பதில் வந்துகொண்டிருக்கிறது, ஏதோ ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது. கணினி கேட்பதை நிறுத்துகிறதா, பிளேயர் பதில் சொல்வதை நிறுத்துகிறதா, இல்லை கேள்வியே பிளேயரிடம் போய்ச் சேரவில்லையா?

நடுவில் ஒரு காது

நெட்வொர்க்கில் தரவு போகும் துண்டுகளுக்குப் பாக்கெட் என்று பெயர். பிளேயருக்குள் அவற்றைப் பிடிப்பது சிரமம். அதற்குப் பதிலாக ஒரு மடிக்கணினியைப் பிளேயர் இருக்கும் அதே வைஃபையில் இணைத்து அதில் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் என்ற மென்பொருளை ஓடவிட்டோம். மடிக்கணினியும் எம்டிஎன்எஸ் கேட்கும் கருவிதான். பிளேயருக்கு என்ன நேர்கிறதோ அது இதற்கும் நேர வேண்டும். கேபிளில் இருக்கும் கணினியிலும் இன்னொரு வயர்ஷார்க் ஓடியது. இரண்டிலும் வடிகட்டி எம்டிஎன்எஸ் மட்டும்.

மடிக்கணினியின் வைஃபையை அணைத்துப் போட்டதும் கணினியின் கேள்விகள் அதன் திரையில் வரத் தொடங்கின. நான்கு நிமிடம் வரை வந்தன. அதற்குக் கொஞ்சம் பிறகு ஒன்றும் இல்லை. மறுபக்கம் கணினியின் திரையில் பார்த்தால் கேள்விகள் முன்போலவே வெளியே போய்க்கொண்டிருந்தன. அந்த நேரம் முழுக்க இரண்டுக்கும் இடையே பிங் ஓடிக்கொண்டே இருந்தது, ஒரு பாக்கெட்கூடத் தவறவில்லை.

கணினி கேட்கிறது, வைஃபையில் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை. நடுவில் இருப்பது ரவுட்டர் மட்டும்தான்.

வடிகட்டியை ஐஜிஎம்பி, அதாவது மல்டிகாஸ்ட் யாருக்கு வேண்டும் என்று கருவிகள் சொல்லிக்கொள்ளும் முறை, என்று மாற்றிக் கணினியில் கால் மணி நேரம் காத்திருந்தோம். வந்திருக்க வேண்டிய ஒரு வகைப் பாக்கெட் வரவே இல்லை. கோளாறின் வேர் இங்கேதான் இருந்தது.

மல்டிகாஸ்ட் பாக்கெட்டை எல்லோருக்கும் அனுப்பாமல், கேட்டவர்களுக்கு மட்டும் அனுப்ப ரவுட்டர்களிலும் நெட்வொர்க் ஸ்விட்சுகளிலும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்ற வசதி உண்டு. ஒரு கருவி நெட்வொர்க்கில் சேரும்போது "இந்த முகவரிக்கு வருவது எனக்கும் வேண்டும்" என்று ஐஜிஎம்பி மூலம் சொல்லும். ஸ்னூப்பிங் அதை ஒட்டுக்கேட்டு அட்டவணையில் எழுதிக்கொள்ளும். அட்டவணை பழசாகாமல் இருக்க, ஒருவர் அவ்வப்போது "இன்னும் யாருக்கெல்லாம் வேண்டும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கேள்வியை அனுப்புபவருக்குக் குவெரியர் என்று பெயர். வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது போலத்தான்: ஆசிரியர் பெயரைக் கூப்பிட்டால் மாணவர் கையைத் தூக்குவார். ஆசிரியரே வராமல் பதிவேடு மட்டும் தானாக மூடினால், உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் வராதவர்களாகிவிடுவார்கள்.

இந்த ரவுட்டரில் ஸ்னூப்பிங் இயங்கியது, குவெரியர் இயங்கவில்லை. ஐஜிஎம்பியின் வழக்கமான மதிப்புகளின்படி குவெரியர் 125 வினாடிக்கு ஒருமுறை கேட்க வேண்டும். இரண்டு சுற்றும் பதிலுக்கான 10 வினாடியும் கடந்து யாரும் கையைத் தூக்கவில்லை என்றால் பதிவை நீக்கிவிடலாம். இரண்டு முறை 125, கூட 10: மொத்தம் 260 வினாடி, அதாவது 4 நிமிடம் 20 வினாடி. மடிக்கணினியின் திரை அமைதியானது இந்த நேரத்தை ஒட்டித்தான்.

நண்பர் பார்த்த ஐந்து நிமிடமும் இதிலிருந்தே வருகிறது. முகவரிப் பதிவின் ஆயுள் 120 வினாடி, அதில் 80 சதவீதம் 96 வினாடி. பிளேயர் நுழைந்ததிலிருந்து கணக்கிட்டால் 96-ஆவது வினாடியில் ஒரு புதுப்பிப்பு, 192-ஆவது வினாடியில் இன்னொன்று, இரண்டுக்கும் பதில் வரும். அடுத்தது 288-இல் வர வேண்டும். ஆனால் 260-இலேயே பிளேயரின் பெயர் அட்டவணையிலிருந்து போய்விட்டது, கேள்வி அதை எட்டாது. கடைசியாகப் புதுப்பித்த பதிவு 192 உடன் 120 சேர்ந்து 312-ஆவது வினாடியில் சாகும். 5 நிமிடம் 12 வினாடி. கைக்கடிகாரம் காட்டியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கணக்கு இப்படிப் பொருந்தி வந்தபோது ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்கப்போவதில்லை.

கணினியை ரீஸ்டார்ட் செய்து பயனில்லாததும் இதனால்தான். அட்டவணை வைஃபை பக்கத்துக்கானது, அதில் மறுபடி பெயர் எழுதிக்கொள்ள வேண்டியது பிளேயர். கணினி எத்தனை முறை புதிதாகக் கேட்டாலும் கேள்வி ரவுட்டரோடு நின்றுவிடும். பிங் ஓடியது வேறு காரணத்தால்: அது நேராகப் பிளேயரின் முகவரிக்குப் போகிறது. அந்த முகவரியின் உரிமையாளரைக் கண்டுபிடிக்கும் ஏஆர்பி கேள்வி எல்லோருக்கும் போகும் பிராட்காஸ்ட், அதை ஸ்னூப்பிங் தொடுவதில்லை.

உண்மையில் 224.0.0 என்று தொடங்கும் முகவரிகளை ஸ்னூப்பிங் வடிகட்டவே கூடாது. 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4541, ஸ்னூப்பிங் செய்யும் ஸ்விட்சுகளுக்கு இதைத் தெளிவாகவே சொல்கிறது: அந்த வரம்புக்குள் வரும், ஐஜிஎம்பி அல்லாத பாக்கெட்டுகளை எல்லா வழிகளிலும் அனுப்ப வேண்டும். எம்டிஎன்எஸ் முகவரி அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. இந்த ரவுட்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ரவுட்டர் செய்பவர்கள் ஏன் இதில் இவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்பதற்கும் நியாயம் உண்டு. வைஃபையில் மல்டிகாஸ்ட் விலை உயர்ந்த சமாச்சாரம். பெற்றுக்கொண்டேன் என்ற ஒப்புதல் அதற்கு வராது, அதனால் தொலைவில் இருப்பவருக்கும் எட்டும்படி மிகக் குறைந்த வேகத்தில் அனுப்புவார்கள். தூங்கும் கருவிகள் இருந்தால் அவை விழிக்கும் நேரம் வரை நிறுத்தியும் வைப்பார்கள். ஐபிடிவி (இணைய இணைப்பு வழி வரும் டிவி) போன்ற வீடியோ ஓட்டம் அப்படிப் போனால் வைஃபையே திணறிவிடும். அதனால்தான் கேட்டவருக்கு மட்டும் தனித்தனியாக அனுப்பும் ஏற்பாடு. யோசனை சரி, வருகைப் பதிவு எடுக்க ஆளை வைக்காததுதான் தவறு.

திருத்தமும் சரிபார்ப்பும்

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் மல்டிகாஸ்ட் பகுதியில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்று ஒரு குறி இருந்தது. அதை நீக்கிச் சேமித்தோம். ரவுட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆனது. பிளேயர் பட்டியலில் வந்தது, ஐந்து நிமிடம் கடந்தும் நின்றது, இரண்டு மணி நேரம் கழித்தும் நின்றது.

இத்தோடு விட்டிருந்தால் இதுவும் இன்னொரு ரீஸ்டார்ட் வைத்தியமாகியிருக்கும். அதனால் குறியை மறுபடி போட்டோம்: ஐந்து நிமிடத்தில் சாம்பல். நீக்கினோம்: நின்றது. அந்த நிலையில் விண்டோஸில் நெட்வொர்க்கைப் பொது என்று மாற்றியும் பார்த்தோம், பிளேயர் போகவில்லை. ஃபயர்வால் நிரபராதி என்பது உறுதியானதும் தனியார் என்றே திருப்பி வைத்தோம்.

அதே ரவுட்டர் வழியாக ஐபிடிவி பார்ப்பவர்கள் இந்தக் குறியை நீக்குவதற்கு முன் யோசிக்க வேண்டும். அவர்களுக்கு ஸ்னூப்பிங்கை விட்டுவிட்டுக் குவெரியரை இயக்குவதுதான் பொருத்தம், ரவுட்டரில் அந்த வசதி இருந்தால். இரண்டுமே இல்லாத ரவுட்டர்களும் உண்டு. அப்போது பிளேயருக்கு நிலையான ஐபி முகவரியை ஒதுக்கி, மென்பொருளில் கையால் கொடுத்துவிடலாம். ஆண்ட்ராய்டு 10 முதல் கருவிகள் ஒவ்வொரு வைஃபைக்கும் தற்செயலான ஒரு மேக் முகவரியை (கருவியின் நெட்வொர்க் அடையாள எண்) காட்டுவது வழக்கம். ஒதுக்கீடு செய்யும்போது பிளேயரின் பெட்டியில் அச்சிட்டிருப்பதை எடுக்காமல், அந்த வைஃபையில் அது இப்போது காட்டும் முகவரியை எடுக்க வேண்டும்.

மீதமிருந்த ஒன்று

தேடல் சரியானதும் அதுவரை கவனத்துக்கு வராத இன்னொரு விஷயம் தலைகாட்டியது. ஒவ்வொரு ஒத்திசைவிலும் அதே சில பாட்டுகள் மட்டும் மறுபடி மறுபடி நகலாகின. பிளேயரில் அவை இரட்டையாகவும் தெரிந்தன. பட்டியலைப் பார்த்தால் எல்லாம் தமிழில் பெயர் வைத்த கோப்புகள், ஆனால் தமிழ்ப் பெயர் உள்ள எல்லாமும் இல்லை. ஒகர, ஓகார உயிர்மெய் வரும் பெயர்கள் மட்டும்.

யூனிகோடில் "கொ" என்பதன் துணைக்குறியை இரண்டு விதமாக எழுதலாம்: 0BCA என்ற ஒரே குறியீடாக, அல்லது ஒற்றைக்கொம்பையும் காலையும் 0BC6, 0BBE என்று பிரித்து. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இந்தப் பாட்டுகள் ஒரு பழைய மேக் கணினியிலிருந்து வந்தவை. எச்எஃப்எஸ் பிளஸ் என்ற அதன் கோப்பு முறை பெயர்களைப் பிரித்த வடிவத்தில்தான் சேமிக்கும். பிளேயர் பக்கத்து மென்பொருள் சேர்ந்த வடிவத்தில் எழுதியது. பைட்டுக்குப் பைட் ஒப்பிடும்போது இரண்டும் வேறு வேறு கோப்புகள், அதனால் மறுபடி நகல்.

கணினியில் இருந்த பெயர்களைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்ற ஒரு சிறு ஸ்கிரிப்ட் போதுமானதாக இருந்தது. பிளேயரில் இருந்த இரட்டைகளைக் கையால் அழித்தோம். அதற்குப் பின் ஓடவிட்ட ஒத்திசைவில் நகலெடுக்க எதுவும் இல்லை என்று மென்பொருள் சொன்னது. ரவுட்டரின் மென்பொருள் புதுப்பிக்கப்படும்போது ஸ்னூப்பிங் குறி திரும்ப வந்துவிடக்கூடும். அதனால் அந்தப் பக்கத்தை ஒரு படமாக எடுத்து நண்பர் தன் கணினியில் வைத்திருக்கிறார்.